ரெப் இருக்கிறாரா என்று கேளுங்கள்: பிரித்தானியத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



பள்ளி விடுமுறை வந்தால் ஸ்பெயினுக்கோ கிரேக்கத்துக்கோ துருக்கிக்கோ பேக்கேஜ் ஹொலிடே போவது ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் வாழும் நம் குடும்பங்களுக்குப் பழகிப்போன காரியம். விமானம், ஹோட்டல், விமான நிலையத்திலிருந்து ஹோட்டல் வரைக்கும் பஸ், சாப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை. பதிவு செய்வதற்கு முன் நாலு நிறுவனங்களின் விலையைப் பார்க்கிறோம், நீச்சல் குளத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறோம், சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று விசாரிக்கிறோம். அங்கே போய் இறங்கிய பிறகு நிறுவனத்தின் சார்பில் நமக்காக நிற்கப்போகிற ஆள் யார் என்று மட்டும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை இனிமேல் கேளுங்கள் என்று சொல்லவே இந்த மடல். எல்லோரும் 'ரெப்' என்று கூப்பிடும் அந்தப் பிரதிநிதி பார்ப்பது அடிப்படையில் ஒரு பாதுகாப்பு வேலை. நிறுவனங்கள் அதை விற்பனை வேலையாக நடத்திவந்தன. இப்போது பல இடங்களில் செலவு மிச்சம் பிடிக்க அந்த வேலையையே இல்லாமலாக்கி வருகின்றன. இதை மாற்றும் பலம் பணம் கட்டும் நம்மிடம் இருக்கிறது.

ரெப் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, சீருடையும் சிரிப்புமாக வந்து படகுச் சவாரிக்கும் தண்ணீர்ப் பூங்காவுக்கும் டிக்கெட் விற்கும் இளைஞர்தான். அந்த வேலையின் மீதிப் பகுதி நம் கண்ணில் படுவதில்லை. இரவு இரண்டு மணிக்கு இறங்கும் விமானத்துக்காகக் கையில் பெயர்ப்பட்டியலுடன் விமான நிலையத்தில் நிற்பவர் அவர். எந்தக் குடும்பம் எந்த பஸ்ஸில் ஏறவேண்டும் என்று சொல்லி, தலையை எண்ணி, வராத பெட்டிக்கு எங்கே முறைப்பாடு எழுதுவது என்று காட்டி, விடியும்போது கடைசிக் குடும்பத்தை ஹோட்டலில் இறக்கிவிட்ட பிறகுதான் படுக்கப் போவார். இருக்கும் அறைகளைவிடக் கூடுதலாக ஹோட்டல்காரர் விற்றிருந்தால், அந்த நடுச்சாமத்தில் வேறு ஹோட்டல் தேடுவதும் தூக்கத்தில் அழும் குழந்தைகளோடு நிற்கும் பெற்றோரின் கோபத்தைத் தாங்குவதும் அவர் பாடுதான். பல நிறுவனங்களில் ஹோட்டலின் அவசர வெளியேறும் வழி திறந்திருக்கிறதா, பால்கனிக் கம்பி உறுதியாக இருக்கிறதா, குளத்தின் ஆழம் எழுதப்பட்டிருக்கிறதா என்று படிவத்தோடு சுற்றிப் பார்ப்பதும் அவர்தான். பணப்பை திருட்டுப் போனால் பொலிஸ் நிலையத்துக்குக் கூட வருவார். அங்கே வாங்கும் அறிக்கை இல்லாமல் காப்புறுதிப் பணம் கிடைப்பது கடினம். நெஞ்சு வலியால் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மொழி தெரியாத மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். யாராவது இறந்துவிட்டால் துணைத் தூதரகத்துக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் இறுதிச் சடங்கு நடத்துபவருக்கும் நடுவே ஓடுவார். அடுத்த நாள் காலை பத்து மணிக்கு, புதிதாக வந்தவர்களுக்கு முன்னால் அதே சிரிப்போடு நிற்கவும் வேண்டும்.

இந்த ஏற்பாடு தானாக முளைத்ததில்லை. 1950இல் விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் ஹொரைசன் என்ற தன் நிறுவனத்தின் மூலம் கோர்சிகாத் தீவின் கால்விக்கு ஆட்களை வாடகை விமானத்தில் அழைத்துப் போனார். 32 பவுண் 10 ஷில்லிங்குக்கு விமானப் பயணமும் கூடாரத்தில் தங்குமிடமும் சாப்பாடும் கிடைத்தன. வெளிநாடே பார்த்திராத சாதாரணச் சம்பளக்காரர்கள் கடல் கடந்து போகத் தொடங்கியது அந்த மாதிரிப் பயணங்களால்தான். மொழியும் தெரியாது, சட்டமும் தெரியாது, போன இடத்தில் ஆளும் தெரியாது என்ற நிலையில் இருப்பவரிடம் ஒரு விடுமுறையை விற்றால், அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றையும் அங்கே வைக்கத்தான் வேண்டும். பின்னாளில் சட்டமும் இதை ஏற்றுக்கொண்டது. 1992இல் பிரித்தானியாவில் வந்த பேக்கேஜ் பயண ஒழுங்குவிதிகள், அந்த ஊரில் உள்ள பிரதிநிதியின் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பயணம் புறப்படும் முன்பே தரச் சொல்லின. பிரதிநிதி இல்லாவிட்டால் உதவி கேட்கக்கூடிய ஒரு முகவர், அவரும் இல்லாவிட்டால் ஒரு தொலைபேசி எண் என்பது அந்த விதியின் வரிசை. 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய விதிகள் இன்னொரு கடமையையும் சேர்த்தன: இக்கட்டில் மாட்டிக்கொண்ட பயணிக்கு நிறுவனம் தாமதமின்றித் தகுந்த உதவி செய்யவேண்டும். மருத்துவ வசதி, உள்ளூர் அதிகாரிகள், தூதரக உதவி பற்றிய தகவலைத் தரவேண்டும். வேறு பயண ஏற்பாடு தேட ஒத்தாசை செய்யவேண்டும். அதே நேரத்தில், தொடர்புக்குப் பிரதிநிதி ஒருவர் இருக்கலாம், தொடர்பு மையம் ஒன்று இருக்கலாம், வேறு ஏதாவது சேவையும் இருக்கலாம் என்று இந்த விதிகள் கதவை அகலமாகத் திறந்துவிட்டன. பழைய விதியில் பிரதிநிதிக்கு இருந்த முதலிடம் புதியதில் இல்லை. நிறுவனங்கள் அந்தக் கதவு வழியாகத்தான் ரெப்களை வெளியே அனுப்பி வருகின்றன.

இந்த வேலையின் உண்மையான எடை எவ்வளவு என்பதற்கு மிக வேதனையான சான்று கிரேக்கத்தின் கோர்ஃபு தீவில் கிடைத்தது. 2006 அக்டோபரில் அங்கே ஒரு ஹோட்டலின் பங்களாவில் தங்கிய இங்கிலாந்துக் குடும்பத்தின் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். ஒரு குழந்தைக்கு 7 வயது, மற்றதற்கு 6. பழுதான பொய்லரிலிருந்து கசிந்த கார்பன் மொனொக்சைட் அவர்களைக் கொன்றது. கிரேக்கத்தில் வழக்கு நடந்தபோது, ஹோட்டல் ஆட்களோடு, அந்தக் குடும்பத்துக்கு விடுமுறையை விற்ற தாமஸ் குக் நிறுவனத்தின் இரண்டு ரெப்களும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். 2010இல் ஹோட்டல் முகாமையாளருக்கும் வேறு இருவருக்கும் தண்டனை கிடைத்தது. ரெப்கள் இருவரும் விடுவிக்கப்பட்டார்கள். 2015இல் இங்கிலாந்தில் நடந்த மரண விசாரணையில் ஜூரிகள் அந்தப் பிள்ளைகளின் மரணம் சட்டவிரோதக் கொலை என்றார்கள். எரிவாயு இருப்பதைப் பற்றி ஹோட்டல் தாமஸ் குக்கைத் தவறாக நம்பவைத்தது என்றார்கள். தாமஸ் குக் தன் பராமரிப்புக் கடமையில் தவறியது என்றும் சொன்னார்கள். ரெப்கள் அங்கே இருந்தும் அந்தக் குழந்தைகள் இறந்தார்களே, பிறகு ரெப்பால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொய்லரைப் பார்த்து ஆபத்தை அறியும் பயிற்சியையோ, ஹோட்டல்காரர் சொல்வதை மறுத்து அறையைப் பூட்டவைக்கும் அதிகாரத்தையோ கொடுக்காமல், ஒரு படிவத்தை மட்டும் கொடுத்து ஒருவரை அனுப்பினால் அவரால் எதையும் தடுக்கமுடியாது. ஆனால் விபத்து நடந்த பிறகு நீதிமன்றம் தேடி வருவது அவரைத்தான். பொறுப்பை மட்டும் சுமக்கவைத்து, அதை நிறைவேற்றத் தேவையான அறிவையும் அதிகாரத்தையும் தராமல் விடுவது ஊழியருக்கும் கொடுமை, பயணிக்கும் கொடுமை. கோர்ஃபு கற்றுத் தருவது ரெப்பைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பதையே. அவரை விலக்குவதற்கு அதில் ஒரு நியாயமும் கிடையாது.

2019 செப்டம்பர் 23ஆம் திகதி அதிகாலையில் தாமஸ் குக் நிறுவனமே விழுந்தது. 178 ஆண்டு வரலாறு கொண்ட நிறுவனம். பிரித்தானியாவில் 9,000 பேரும் உலகெங்கும் ஏறத்தாழ 21,000 பேரும் அதில் வேலை செய்தார்கள். அந்த நேரம் ஒன்றரை லட்சம் பிரித்தானியர்கள் அதன் விடுமுறைகளில் வெளிநாடுகளில் இருந்தார்கள். அவர்களைக் கூட்டிவர அரசும் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமும் இரண்டு வாரத்துக்கு விமானங்களை ஏற்பாடு செய்தன. விமானங்கள் பிரித்தானியாவிலிருந்து ஒழுங்கு செய்யப்பட்டன என்பது உண்மை. ஆனால் கடற்கரை ஊர்களில் ஹோட்டல் ஹோட்டலாகப் போய், பயந்துபோன குடும்பங்களிடம் எந்த பஸ், எத்தனை மணி என்று சொன்னவர்களில் தாமஸ் குக்கின் ரெப்களும் இருந்தார்கள். அன்று காலை அவர்களுக்கு வேலை இல்லை. செய்த வேலைக்குச் சம்பளம் வருமா என்றும் தெரியாது. நிறுவனம் விழுவதற்கு முந்திய நாட்களில், துனீசியாவின் ஹம்மாமத்தில் ஒரு ஹோட்டல், தனக்கு வரவேண்டிய பாக்கிக்காகப் பயணிகளையே வெளியே விட மறுத்தது என்று செய்திகள் வந்தன. பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று பேச ஒரு மனிதர் வேண்டும். அந்த வேலையைத் தொலைபேசி மையத்திலிருந்து செய்யமுடியாது.

2023 ஜூலையில் கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் காட்டுத்தீ பரவியபோது ஏறத்தாழ 19,000 பேர் வீடுகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்டார்கள். பலர் பெட்டியை விட்டுவிட்டுப் புகைக்குள் நடந்து கடற்கரைக்குப் போனார்கள். பள்ளிக்கூடங்களிலும் விளையாட்டு அரங்குகளிலும் தரையில் படுத்தார்கள். திரும்பி வந்தவர்கள் பத்திரிகையாளர்களிடம் சொன்னதைச் சேர்த்துப் படித்தால் இரண்டு விதமான அனுபவங்கள் தெரியும். எங்கள் நிறுவனத்தின் ஆள் ஒருவரையும் காணவில்லை, தீவு மக்கள்தான் தண்ணீரும் சாப்பாடும் தந்தார்கள் என்று ஒரு சாரார் சொன்னார்கள். ரெப் எங்களோடு தரையிலேயே படுத்து, விமானத்தில் ஏற்றும்வரை விடாமல் நின்றார் என்று மறு சாரார் சொன்னார்கள். தீ எல்லோருக்கும் ஒன்றுதான். பக்கத்தில் ஆள் இருந்ததா இல்லையா என்பதில்தான் இரு சாராருக்கும் வித்தியாசம்.

ரெப் என்றால் விற்பனையாளர், அவரை நம்பமுடியாது என்ற மனக்குறை நம்மில் பலருக்கு உண்டு. அந்தக் குறைக்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் ரெப்புக்குத் தருவது சிறிய அடிப்படைச் சம்பளமும் தங்குவதற்கு ஓர் அறையும். மிச்சத்தை அவர் சுற்றுலா டிக்கெட் விற்ற கமிஷனில் தேடிக்கொள்ள வேண்டும். வாரம் ஆறு நாள் வேலை, வசந்தத்தில் தொடங்கி ஐப்பசியோடு முடியும் ஒப்பந்தம். தலைமையகம் அவரைக் கணக்குப் பார்ப்பது எத்தனை டிக்கெட் விற்றார் என்பதை வைத்து. ஆஸ்பத்திரியில் ஒரு முதியவருக்குப் பக்கத்தில் கழித்த ஆறு மணி நேரம் அந்தக் கணக்கில் வரவே வராது. உண்மையில் அது அவருக்கு ஆறு மணி நேரக் கமிஷன் நட்டம். பயணியின் நன்மையையும் ஊழியரின் வயிற்றையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தும் சம்பள முறை இது. இதில் குணம் கெடாமல் வேலை செய்கிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்களே என்பதுதான் எனக்கு வியப்பு. குடியும் கூத்துமாக இருப்பவர்கள் என்ற பெயரும் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. கிளப் 18-30 மாதிரியான இளைஞர் விடுமுறைகளும், 2002இல் ஐடிவி தொலைக்காட்சி ரோட்ஸ் தீவின் ஃபாலிராக்கியில் எடுத்துக் காட்டிய தொடரும் அந்தப் பெயருக்குக் காரணம். கிளப் 18-30 பிராண்டை 2018இல் மூடிவிட்டார்கள். பெயர் மட்டும் நிற்கிறது. இருபது வயதுப் பிள்ளைகளை மதுக்கடை மதுக்கடையாக ஆட்களைக் கூட்டிப்போய் கமிஷன் வாங்க வைத்தது நிறுவனங்களின் வியாபார முறை. அதற்கான பழியை இன்று குடும்ப ஹோட்டலில் நிற்கும் ஊழியர்மேல் போடுவது நியாயமாகாது.

நிறுவனங்களின் பதில் எனக்குத் தெரியும். கையில் செயலி இருக்கிறது, இருபத்துநான்கு மணி நேரமும் அரட்டைப் பெட்டியில் ஆள் இருக்கிறார், முன்புபோல் ரெப் வரும் நேரத்துக்காக ஹோட்டல் முன்கூடத்தில் காத்திருக்க வேண்டியதில்லை என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. பஸ் எத்தனை மணிக்கு வரும், துவாய் எங்கே கிடைக்கும் என்பதற்கெல்லாம் செயலி போதும்; ரெப்பைவிட வேகமாகவே பதில் வரும். அந்தச் சில்லறைக் கேள்விகளை ரெப்பின் தலையிலிருந்து இறக்கிவைக்கச் செயலி உதவினால் நான் வரவேற்பேன். ஆனால் செயலி நாம் சொன்னதை மட்டுமே அறியும். தளர்ந்த பால்கனிக் கம்பியை அது அசைத்துப் பார்க்காது. ஹோட்டல் முகாமையாளர் மழுப்புவதை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்காது. மின்சாரமும் சிக்னலும் போன இடத்தில், அதாவது ஆள் உதவி மிகவும் தேவைப்படும் இடத்தில், அது செத்துவிடும். பத்து தடவை போய்வந்தவர்களுக்கு ரெப் எதற்கு என்றும் கேட்கிறார்கள். அனுபவசாலிக்கு வழி தெரியும். தன் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போது டாக்டர் கிரேக்க மொழியில் சொல்வது அனுபவசாலிக்கும் புரியாது.

விலை கூடும் என்ற தடையையும் பார்ப்போம். நாம் வாங்கும் விமானப் பேக்கேஜ் ஒவ்வொன்றுக்கும் ஆளுக்கு 2.50 பவுண், நிறுவனம் விழுந்தால் நம்மைக் காப்பாற்றும் ஆட்டோல் நிதிக்குப் போகிறது. 2019இல் நம்மவர்களை வீட்டுக்குக் கொண்டுவர உதவியது அந்த நிதி. அதைக் கட்டுவதால் யாரும் ஹொலிடே போவதை நிறுத்தவில்லை. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு ரெப்புக்கு சம்பளம், தங்குமிடம், பயிற்சி எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 900 பவுண் செலவு என்றும், அந்த வாரம் அவர் பொறுப்பில் 300 பயணிகள் என்றும் வைத்துக்கொண்டால், ஆளுக்கு 3 பவுண்தான் வருகிறது. ஜன்னலோர இருக்கைக்கு விமானக் கம்பனி வாங்குவது பெரும்பாலும் இதைவிட அதிகம். பணம் திரும்பி வருவதற்கு ஒரு நிதி வேண்டும் என்று சட்டம் போட்டுப் பெற்றுக்கொண்டோம். ஆளுக்கு ஆள் துணை வேண்டும் என்பதற்கும் ஏறத்தாழ அவ்வளவுதான் செலவு.

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஆள் கிடைப்பதே கடினமாகிவிட்டது என்பது நிறுவனங்கள் சொல்லும் இன்னொரு காரணம். 2021 தொடக்கத்திலிருந்து பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரர் ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்தான் விசா இல்லாமல் தங்கலாம். வேலை செய்வதற்கு அனுமதி தனி. ஐரோப்பிய ஒன்றியத்தில் வேலை செய்யும் பிரித்தானியச் சுற்றுலா ஊழியர்களின் எண்ணிக்கை 2017இல் ஏறத்தாழ 12,000 ஆக இருந்து 2023இல் 4,000க்கும் கீழே போனதாகத் துறை அமைப்புகளே கணக்குச் சொல்லியிருக்கின்றன. இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கும் ஒரு வாசல் அடைபட்டது என்ற வகையில் எனக்கு அதில் வருத்தம். ஆனால் ரெப் பிரித்தானியராக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ரோட்ஸில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் ஆங்கிலமும் பேசுவாரானால், ஆஸ்பத்திரியையும் பொலிஸ் நிலையத்தையும் அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? அவருக்கு உரிய சம்பளத்தைக் கொடுத்து வைத்துக்கொள்ள எந்த எல்லைச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

நம் குடும்பங்களுக்கு ரெப்பின் துணை மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். நாம் தாத்தா பாட்டியோடு போகிறோம். அவர்களில் பலருக்குச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு, ஆங்கிலம் குறைவு. யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து நிற்கும் பெற்றோர், ஒரே தடவை உள்ளே வர அனுமதிக்கும் ஷெங்கன் விசாவில் இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டோடு நம்முடன் வருவார்கள். விமானம் இரண்டு நாள் தாமதமானால் அவர்களின் விசாத் திகதி தாண்டிவிடலாம். கடவுச்சீட்டுத் தொலைந்தால் பிரித்தானியத் துணைத் தூதரகம் உதவாது. அவர்களின் நாட்டுத் தூதரகம் இருந்தாலும் அது தலைநகரில்தான், நாம் இருப்பது ஒரு தீவில். செயலியின் பதில் பட்டியலில் இந்த மாதிரிச் சிக்கல் இருக்காது. விமான நிலையக் குடிவரவு அதிகாரியிடம் முதியவரைக் கூட்டிப்போய், தாமதத்துக்கான கடிதத்தைக் காட்டிப் பேசக்கூடியவர் அந்த ஊரில் வேலை செய்கிற ஒரு மனிதர்தான். விமானத்தையும் ஹோட்டலையும் தனித்தனியாக வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: அப்படி வாங்கினால் பேக்கேஜ் சட்டம் சொல்லும் இந்த உதவிக் கடமை யாருக்கும் கிடையாது.

ஆகவே அடுத்த முறை பதிவு செய்யும்போது, பணம் கட்டும் முன்பே, அந்த ஊரில் உங்கள் நிறுவனத்தின் ஆள் இருக்கிறாரா, எந்த நாட்களில் ஹோட்டலுக்கு வருவார், இரவில் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் நேரில் வருவாரா என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசி எண் மட்டும் உண்டு என்று பதில் வந்தால், அதே விலைக்கு ஆள் வைத்திருக்கும் நிறுவனத்தைத் தேடுங்கள். ஏன் மாறினீர்கள் என்று முதல் நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். போன இடத்தில் குறை கண்டால் லண்டன் திரும்பி வந்து ஒரு நட்சத்திரம் போடும்வரை காத்திருக்க வேண்டாம். தாமதமின்றித் தெரிவிக்கும் பொறுப்பைச் சட்டம் நமக்கும் வைத்திருக்கிறது. ரெப்பிடம் அங்கேயே சொல்லி, அவர் எழுதிக்கொண்ட படிவத்தின் பிரதியை வாங்குங்கள். நட்டஈடு கேட்கும்போது அதுதான் கைகொடுக்கும். ஹோட்டல்காரர் செய்த பிழைக்காக அந்த ஊழியரைத் திட்டாதீர்கள். ரெப் நன்றாக உதவினால், எந்த இரவில் என்ன செய்தார் என்பதை நிறுவனத்தின் தலைமையகத்துக்கு எழுதி அனுப்புங்கள். விற்ற டிக்கெட்டுகள் தானாகக் கணக்கில் ஏறிவிடும். அவர் ஆஸ்பத்திரியில் உங்களோடு இருந்த மணி நேரம் நீங்கள் எழுதினால்தான் ஏறும்.